மின்சார, எரிவாயுப் பில்: மாதக்காசைப் பார்க்காமல் அலகைப் பார்ப்போம்

"உங்களுக்கு மாசம் எவ்வளவு போகுது?"

வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து அன்னதான வரிசையில் நிற்கும்போது எம்மவரிடையே அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. ஒருவர் தொண்ணூறு பவுண் என்பார். மற்றவர் நூற்றி அறுபது என்பார். நூற்றி அறுபது கட்டுபவர் தம்மைக் கம்பனி ஏமாற்றிவிட்டதென்று நினைத்து, தொண்ணூறு கட்டுபவரின் கம்பனியின் பெயரைக் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். கணக்குத் தொழில் செய்பவர்கள் என்றபடியால் இவ்விடயம் பற்றி எம்மிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் முதலிற் சொல்வது, அந்தக் கேள்வியே பிழை என்பதுதான்.

மாதாமாதம் வங்கியிலிருந்து எடுக்கப்படும் டிரெக்ட் டெபிற் தொகை மின்சாரத்தின் விலை அல்ல. அது முற்பணம். வருடம் முழுவதற்கும் இவ்வளவு செலவாகும் என்று கம்பனி ஒரு மதிப்பீடு செய்து, அதைப் பன்னிரண்டாற் பிரித்து எடுக்கிறது. மதிப்பீடு குறைவாயிருந்தால் உங்கள் கணக்கில் கடன் ஏறும். கூடுதலாயிருந்தால் உங்கள் காசு கம்பனியிடம் கிடக்கும். எனவே தொண்ணூறு கட்டுபவர் உண்மையில் அதிக விலை கொடுத்துக் கடனாளியாகிக்கொண்டும் இருக்கலாம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், சென்ற குளிர்காலத்தில் நாம் கண்ட ஒரு வீடு. தனியாக வசிக்கும் அம்மா ஒருவர். கணவர் காலமாகி, பிள்ளைகள் திருமணம் முடித்து வேறிடம் போய்விட்டார்கள். நாங்கள் போனபோது வீட்டுக்குள்ளும் கோட்டுப் போட்டபடி, குசினியில் காஸ் அடுப்பின் ஒரு வாயைப் பற்றவைத்துக்கொண்டு அதன் முன்னால் இருந்தார். "தம்பி, மாசம் நூற்றி முப்பத்தைஞ்சு போகுது. ஹீற்றரையும் போட்டால் நான் என்னெண்டு கட்டுறது?" என்றார். பில்லை வாங்கிப் பார்த்தோம். குடும்பம் பெரிதாயிருந்த காலத்தில் மகன் ஒழுங்குசெய்த தொகை அது. பத்து மாதமாக எவரும் அதை மாற்றவில்லை. பில்லின் இரண்டாம் பக்கத்தில், அவருடைய கணக்கில் 640 பவுண் மிகுதி நிற்பதாக அச்சிடப்பட்டிருந்தது. கையில் 640 பவுண் இருக்க, ஒரு முழுக் குளிர்காலத்தையும் அவர் குளிரிலே கழித்திருக்கிறார்.

அந்த மிகுதி உங்கள் பணம். திருப்பித் தரும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒக்ரோபரில் கொஞ்சம் மிகுதி நிற்பது நியாயம், குளிர்காலத்தில் அது கரைந்துபோகும். ஏப்ரல், மே மாதத்தில் பெருந்தொகை நின்றால் கேட்டுவாங்குங்கள். (காஸ் அடுப்பை வீடு சூடாக்கப் பாவிக்க வேண்டாம். அது கார்பன் மொனொக்சைட் நச்சுவாயுவை அறைக்குள் விடும்.)

இனி விலைக்கு வருவோம். பில்லில் நீங்கள் பார்க்கவேண்டியது நான்கு இலக்கங்கள்: மின்சாரத்துக்கு ஓர் அலகின் விலை, ஒரு நாட்கட்டணம், எரிவாயுவுக்கும் அதேபோல் இரண்டு. அலகு என்பது கிலோவாற் மணி. நாட்கட்டணம் என்பது 'ஸ்ராண்டிங் சார்ஜ்'. நீங்கள் ஊருக்குப் போய் வீடு பூட்டிக் கிடந்தாலும் அது நாளொன்றுக்கு ஏறிக்கொண்டே இருக்கும். இந்த நான்குடன், சென்ற பன்னிரண்டு மாதத்தில் எத்தனை அலகு பாவித்தீர்கள் என்பதும் தெரிந்தால் எந்தத் திட்டத்தையும் நீங்களே ஒரு கடதாசியில் எடைபோடலாம்.

ஓர் உதாரணம். இலக்கங்கள் கணக்கு விளங்குவதற்காக நாம் எடுத்தவை, எந்தக் கம்பனியின் விலையும் அல்ல. முதலாம் திட்டத்தில் மின்சாரம் அலகு 25 பென்ஸ், நாட்கட்டணம் 60 பென்ஸ். எரிவாயு அலகு 6 பென்ஸ், நாட்கட்டணம் 30 பென்ஸ். இரண்டாம் திட்டத்தில் மின்சாரம் 27 பென்ஸ், நாட்கட்டணம் 45. எரிவாயு ஆறரைப் பென்ஸ், நாட்கட்டணம் 25. வருடம் 3000 அலகு மின்சாரமும் 11,000 அலகு எரிவாயுவும் பாவிக்கும் குடும்பத்துக்கு முதலாம் திட்டத்தில் 750, 219, 660, 109.50 சேர்த்து 1738.50 பவுண் வரும். இரண்டாம் திட்டத்தில் 1780.50. ஆகவே முதலாவது 42 பவுண் மலிவு. இதே இரண்டு திட்டங்களையும் 1200 அலகு மின்சாரமும் 4000 அலகு எரிவாயுவும் பாவிக்கும் அந்த அம்மாவுக்குப் போட்டுப் பாருங்கள். முதலாவது 868.50, இரண்டாவது 839.50. இங்கே இரண்டாவது 29 பவுண் மலிவு. கொஞ்சமாகப் பாவிப்பவருக்கு நாட்கட்டணம் பாரம், நிறையப் பாவிப்பவருக்கு அலகின் விலை பாரம். அன்னதான வரிசையில் முன்னால் நிற்பவருக்கு நல்லதாயிருந்த கம்பனி உங்களுக்கும் நல்லதென்று நினைப்பது இதனாற்றான் பிழைக்கிறது.

விலை வரம்பு பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. கம்பனி மாறாமல் இருப்பவர்களைப் பாதுகாக்க 2019 ஜனவரியில் இருந்து ஒஃப்ஜெம் என்னும் கண்காணிப்பு அமைப்பு உச்ச விலை ஒன்றை நிர்ணயிக்கிறது. 2022 ஒக்ரோபரில் அது வருடம் 3549 பவுணுக்கு ஏறியபோது, அரசாங்கம் தலையிட்டு 2500 பவுண் என்று வைத்தது நினைவிருக்கும். "எவ்வளவு எரித்தாலும் 2500 தானே" என்று எம்மவர் பலர் நம்பினார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அந்நாளைய பிரதமரே வானொலிப் பேட்டிகளில் ஏறக்குறைய அப்படித்தான் சொன்னார். உண்மையில் வரம்பு அலகின் விலைக்கும் நாட்கட்டணத்துக்கும் மட்டுமே. செய்தியில் வரும் தொகை ஒரு சராசரி வீட்டின் பாவனைக்குப் போட்ட கணக்கு. கூட எரித்தால் கூடக் கட்டவேண்டும், குறைய எரித்தால் குறையும்.

அந்த வரம்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஜனவரி, ஏப்ரல், ஜூலை, ஒக்ரோபர் முதலாம் திகதிகளில் மாறும். நிலையான விலைத் திட்டம் எடுப்பவருக்கு அலகின் விலை ஒப்பந்தக் காலம் முடியுமட்டும் மாறாது. எடுக்கலாமா? வரம்பிலும் குறைந்த விலையில் கிடைத்தால், குறிப்பாக ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு, எடுப்பது நிம்மதி என்பது எமது கருத்து. விலை இறங்கினால் நட்டப்படலாமே என்று கேட்பார்கள். படலாம். முன்கூட்டி விலகினால் தண்டப்பணம் எவ்வளவு என்று கையொப்பமிட முன்னர் பாருங்கள். ஒப்பந்தத்தின் கடைசி 49 நாட்களில் அந்தத் தண்டப்பணம் அறவிட முடியாது.

மீற்றர் வாசிப்பில் நாங்களே பட்ட அனுபவம் ஒன்றுண்டு, சொல்ல வெட்கந்தான். பிறருடைய கணக்குகளைச் சரிபார்த்துக் கொடுத்துக்கொண்டு, எங்கள் சொந்த மீற்றரை ஒரு வருடத்துக்குமேல் நாங்கள் பார்க்கவில்லை. பில்லில் இலக்கத்துக்குப் பக்கத்தில் 'எஸ்ரிமேற்றட்' என்று சிறிதாகப் போட்டிருந்தது. மதிப்பீடு குறைவாயிருந்தபடியால் நாங்களும் பேசாமல் இருந்துவிட்டோம். கடைசியில் சரியான வாசிப்பு எடுத்தபோது எழுநூறு பவுணுக்குமேல் ஒரேயடியாக வந்தது. இப்போது ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி படம் எடுத்து வைக்கிறோம். ஸ்மார்ட் மீற்றர் உள்ளவர்களும் அது உண்மையில் வாசிப்பை அனுப்புகிறதா என்று பில்லிற் பார்க்கவேண்டும். பாவித்துப் பன்னிரண்டு மாதத்துக்கு மேலான அலகுகளுக்கு, தன் தவறினால் பில் போடாமல் விட்ட கம்பனி பின்னர் காசு கேட்க முடியாது என்ற விதி 2018 மே முதல் இருக்கிறது. பழைய கணக்கென்று பயமுறுத்தும் கடிதம் வந்தால் உடனே கட்டிவிடாமல் இதைக் கேளுங்கள்.

எரிவாயு மீற்றர் அலகைக் காட்டாது, கன அளவையே காட்டும். புதிய மீற்றர் கனமீற்றரில், பழையது நூறு கன அடியில். ஒரு கனமீற்றர் ஏறத்தாழ 11 அலகு. நூறு கன அடி அதிலும் 2.83 மடங்கு, ஏறத்தாழ 32 அலகு. கனமீற்றர் மீற்றரைப் பழைய மீற்றரென்று கம்பனி பதிந்துவைத்தால் பில் கிட்டத்தட்ட மூன்று மடங்காக வரும். வீட்டைச் சூடாக்காமலே எரிவாயுப் பில் மலைபோல் வருகிறதென்றால் மீற்றரின் முகப்பில் என்ன எழுதியிருக்கிறதென்று பார்த்து, பில்லுடன் ஒப்பிடுங்கள்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கிற் படித்த தலைமுறை நாம். அதனாலோ என்னவோ, பிள்ளைகள் விளக்கை அணைக்காமற் போனால் பொறுக்கமாட்டோம். ஆனால் எட்டு வாற் எல்.ஈ.டி. பல்பு பத்து மணித்தியாலம் எரிந்தாலும் ஓர் அலகில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். பில்லை ஏற்றுவது பொயிலர். சண்டை பிடிப்பதானால் தெர்மோஸ்ராற்றுக்குப் பிடியுங்கள்.

கம்பனி மாறுவதற்குப் பயப்படத் தேவையில்லை. அதே வயர், அதே குழாய், அதே மீற்றர். பில் அனுப்புபவர் மட்டுமே மாறுகிறார். மின்சாரம் நின்றால் 105, காஸ் மணத்தால் 0800 111 999: எந்தக் கம்பனியில் இருந்தாலும் இந்த இலக்கங்கள் மாறா. 2021 பிற்பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட கம்பனிகள் விழுந்தபோதுகூட ஒரு வீட்டிலும் அதனால் விளக்கு அணையவில்லை. ஒஃப்ஜெம் வேறு கம்பனியிடம் வாடிக்கையாளரை ஒப்படைத்தது, கணக்கில் நின்ற மிகுதியும் காப்பாற்றப்பட்டது. அவர்கள் இழந்தது மலிவு விலையை.

புதிய கம்பனியில் பதிந்தபின் மனம் மாற 14 நாள் அவகாசம் உண்டு. மாறும் நாளன்று இரண்டு மீற்றரையும் படம் எடுங்கள். பழைய கம்பனியின் கடைசிப் பில் ஆறு வாரத்துக்குள் வரவேண்டும், அதுவரை பழைய டிரெக்ட் டெபிற்றை வெட்டவேண்டாம். 2000 களின் தொடக்கத்தில் கதவைத் தட்டிய விற்பனையாளர் ஒருவர், தாம் வந்துபோனதற்கு அத்தாட்சியென்று எங்களிடம் ஒரு கையொப்பம் வாங்கிப் போனார். அடுத்த மாதம் இரண்டு கம்பனிகள் எங்களுக்குப் பில் அனுப்பின. அதை அவிழ்க்கப் பல மாதம் சென்றது. வாசலிலோ ரெலிபோனிலோ அவசரப்படுத்துபவருக்கு இன்றைக்கும் எங்கள் பதில், எழுத்தில் அனுப்புங்கள் என்பதே. முறைப்பாடு எட்டு வாரத்தில் தீராவிட்டால் எனர்ஜி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், செலவில்லை.

வாடகைக்கு இருப்பவர்கள், பில் தம் பெயரில் வந்தால், தாமே கம்பனியை மாற்றலாம். அறை வாடகைக்குக் கொடுத்து, குடியிருப்பவரிடம் மின்சாரத்துக்குத் தனியாக அலகுக்கணக்கில் வாங்கும் எம்மவர் சிலர் இருக்கிறார்கள். தாம் கொடுக்கும் விலைக்குமேல் ஓர் அலகுக்கு வாங்குவது சட்டப்படி கூடாது. முற்பண மீற்றரில் கடன் இருந்தாலும், அது ஒவ்வொன்றுக்கும் 500 பவுணுக்கு உட்பட்டிருந்தால் கடனோடு மாற வழியுண்டு.

கடைசியாக, எம்மவர் வீடுகளில் அதிகம் தவறிப்போகும் ஒன்று. வாம் ஹோம் டிஸ்கவுண்ட் என்னும் 150 பவுண் குளிர்காலக் கழிவு, பென்ஷன் கிரெடிற் போன்ற உதவி பெறுபவருக்குக் கிடைப்பது. ஆனால் பில் அவருடைய பெயரிலோ அவரது கணவன் அல்லது மனைவி பெயரிலோ இருக்கவேண்டும். ஆங்கிலம் தெரிந்தவர் என்று மகனின் பெயரில் பில்லைப் போட்டுவைத்த வீடுகளில் தாய்க்கு வரவேண்டிய கழிவு வராமலே போகிறது. அந்த அம்மாவின் வீட்டிலும் அதுதான் நடந்திருந்தது. பெயரை மாற்றி, மாதத்தொகையை 75 பவுணாகக் குறைத்து, 500 பவுணைத் திருப்பி எடுத்துக்கொடுத்தோம். கம்பனியை மாற்றவில்லை, தேவைப்படவில்லை.

பில்லைக் காட்டி விளக்கம் கேட்க விரும்புவோர் வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பின் மண்டபத்தில் எம்மைச் சந்திக்கலாம். முதற் பக்கத்தை மட்டும் கொண்டுவர வேண்டாம். வருடப் பாவனை அச்சிட்ட பக்கமும், இரண்டு மீற்றரினதும் படங்களும் தேவை.