தட்டு செய்ய எந்தப் பலகை?

மாணவர்களே, வீட்டுக்கு விருந்தினர் வந்தால் நான்கு கோப்பைத் தேநீரைச் சிந்தாமல் கொண்டு வர ஒரு தட்டு வேண்டும். அதை மரத்தில் கையால் செய்வது அவ்வளவு கடினமன்று. நடுவில் ஒரு பலகை, சுற்றிலும் நான்கு சட்டங்கள், இரண்டு கைப்பிடிகள். பள்ளிப் பட்டறையிலேயே முடித்துவிடலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். செந்நிற மெராந்திப் பலகை ஒன்றை வாங்கி, சட்டத்துக்குள் இறுக்கமாகப் பொருத்தி, நான்கு பக்கமும் பசை போட்டு ஒட்டினேன். குளிரூட்டி ஓடும் வரவேற்பறையில் அது மூன்று மாதம் இருந்தது. ஓர் இரவு ‘டக்’ என்று ஒரு சத்தம். காலையில் பார்த்தால், பலகையின் நடுவே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரிசல்.

பசை போதவில்லை என்றுதான் முதலில் எண்ணினேன். உண்மையில் பசை மிக நன்றாகப் பிடித்திருந்தது. அதுதான் சிக்கல். பலகை சுருங்க விரும்பியது, பசை விடவில்லை, பலகை கிழிந்தது. அது ஏன் சுருங்க வேண்டும்?

காய்ந்த பலகையிலும் நீர் உண்டு

மரத்தின் தண்டு என்பது வேரிலிருந்து இலைக்கு நீரை ஏற்றும் குழாய்களின் கட்டு. ஒரு பிடி உறிஞ்சுகுழல்களை ரப்பர் வளையத்தால் கட்டி நிறுத்தியதாக நினைத்துக்கொள்ளுங்கள். மரத்தை வெட்டியதும் குழலின் உள்ளே நிற்கும் நீர் முதலில் வெளியேறும். அப்போது எடை குறையும், அளவு மாறாது. அதற்கடுத்துத்தான் குழலின் சுவருக்குள் ஊறியிருக்கும் நீர் வெளியேறத் தொடங்கும். பெரும்பாலான மரங்களில் ஈரப்பதம் 25 முதல் 30 விழுக்காட்டுக்கு இறங்கும்போது இது நிகழ்கிறது. அதுமுதல் மரம் சுருங்குகிறது.

சுவர்கள் செல்லுலோஸ் நுண்ணிழைகளால் ஆனவை. அவை பெரும்பாலும் மரத்தின் நீளவாக்கில் கிடக்கின்றன. நீர் மூலக்கூறுகள் இழைக்கும் இழைக்கும் இடையில் புகுந்து அவற்றை விலக்கி வைக்கின்றன. நீர் போனால் இழைகள் நெருங்குகின்றன. இழையின் நீளம் மாறுவதில்லை, இழைகளுக்கு இடையிலான தூரம்தான் மாறுகிறது. அதனால்தான் ஒரு பலகை அகலத்தில் சுருங்கும், நீளத்தில் ஏறக்குறைய சுருங்கவே சுருங்காது.

ஈரப்பதத்தை அளப்பது எளிது. ஈரமாக இருக்கும்போது ஒரு மரத்துண்டின் எடை 150 கிராம், சூடேற்றி முற்றிலும் உலர்த்திய பிறகு 120 கிராம் என்று வைத்துக்கொள்வோம். போன நீர் 30 கிராம். அதை உலர் எடையான 120ஆல் வகுத்தால் 25 விழுக்காடு. ஈர எடையால் வகுக்கக்கூடாது. உலர் எடையால் வகுப்பதால், புதிதாக வெட்டிய சில மரங்களின் ஈரப்பதம் 100 விழுக்காட்டையும் தாண்டும். கணக்கு தவறிவிட்டது என்று பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் நீர் மரத்தைவிடக் கனமாக இருக்கிறது என்பதே அதன் பொருள்.

பலகையை எவ்வளவு உலர்த்தினாலும் அது சுற்றியுள்ள காற்றோடு நீரைக் கொடுத்து வாங்கிக்கொண்டேதான் இருக்கும். நம் நாட்டின் ஈரக்காற்றில், கூரைக்கடியில் அடுக்கிய பலகை ஏறத்தாழ 15 முதல் 18 விழுக்காட்டில் நிற்கும். குளிரூட்டி நாள்தோறும் ஓடும் அறையில் அது 10 அல்லது 12க்கு இறங்கலாம்.

இப்போது என் தட்டைக் கணக்கிடுவோம். பலகையின் அகலம் 300 மில்லிமீட்டர். கடையில் வாங்கியபோது 16 விழுக்காடு, அறையில் 11 விழுக்காடு என்று கொள்வோம். வேறுபாடு 5. ஈரப்பதம் ஒரு விழுக்காடு குறைந்தால் அகலம் 0.2 விழுக்காடு சுருங்கும் என்று எடுத்துக்கொண்டால் (மரத்துக்கு மரம் இது மாறும்), மொத்தச் சுருக்கம் ஒரு விழுக்காடு. அதாவது 3 மில்லிமீட்டர். சட்டமோ நீளவாக்கில் வெட்டியது, அது அசையாது. பசை போட்டு இறுக்கிய பலகைக்கு 3 மில்லிமீட்டர் எங்கிருந்து கிடைக்கும்? நடுவில் கிழித்துத்தான் எடுத்துக்கொண்டது.

பலகையின் முனையையும் பார்க்க வேண்டும். மரம் வளையம் வளையமாகப் பருக்கிறது. அந்த வளையத்தின் போக்கில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் ஏற்படுவதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. முனையில் கோடுகள் வில்லைப்போல் வளைந்திருந்தால், உலரும்போது அந்த வில் நிமிரப் பார்க்கும், பலகை குழியும். கோடுகள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நின்றால் அது தட்டையாகவே இருக்கும். வெப்பமண்டல மரங்களில் பனிக்காலம் இல்லாததால் கோடுகள் மங்கலாகத் தெரியலாம். முனையை உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, உருப்பெருக்கியில் பாருங்கள்.

எடையும் ஒரு பாடம்

தட்டின் அடிப்பலகை 400 மி.மீ. நீளம், 300 மி.மீ. அகலம், 12 மி.மீ. கனம் என்றால் அதன் கனஅளவு 0.00144 கனமீட்டர். ஒரு கனமீட்டர் செங்கால் மரம் ஏறத்தாழ 950 கிலோ எடை இருக்கும். அப்படியானால் அடிப்பலகை மட்டும் 1.37 கிலோ. சட்டம், கோப்பைகள், தேநீர் எல்லாம் சேர்ந்தால் பாட்டியால் தூக்க முடியாது. செங்கால் படகுக்கும் பாலத்துக்கும் வீட்டுத் தூணுக்கும் உரிய மரம். மிக மெதுவாக வளரும் அதைத் தேநீர்த் தட்டுக்காக வாங்குவது வீண் என்பது என் கருத்து.

மறுகோடியில் ஜெலுத்தோங். கனமீட்டருக்கு 500 கிலோவுக்கும் குறைவு. உளி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். ஆனால் நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழும். (அதன் பால் ஒரு காலத்தில் சூயிங்கம் செய்யப் பயன்பட்டது.) தாவரவியலில் பூக்கும் மரங்களின் பலகைக்கெல்லாம் வன்மரம் என்றுதான் பெயர், ஜெலுத்தோங்கும் அதில் அடக்கம். எனவே பெயரில் வன்மை இருப்பதை வைத்துப் பலகை கடினமானது என்று முடிவு செய்யாதீர்கள்.

இரண்டுக்கும் நடுவில், கனமீட்டருக்கு ஏறத்தாழ 560 முதல் 640 கிலோ எடையில் ஒரு மரம் இருக்கிறது. வெளிர்நிறம், அதிகம் சுருங்காத குணம், பசையும் திருகும் நன்றாகப் பிடிக்கும். அதுதான் ரப்பர் மரம்.

ஹென்றி விக்கம் 1876இல் பிரேசிலிலிருந்து விதைகளை லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டு சென்றார். அங்கு முளைத்த கன்றுகள் 22, 1877இல் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. பிறகு நடந்தது உங்கள் குடும்பக் கதையாகவும் இருக்கலாம். தாத்தா பாட்டிமார் விடியுமுன்னே விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு பால் வெட்டிய மரம் அது. 25, 30 ஆண்டுகளில் பால் குறைந்ததும் அதை வெட்டிவிட்டு மறுநடவு செய்வார்கள். வெட்டிய மரம் நெடுங்காலம் விறகாகத்தான் எரிந்தது. செங்கல் சூளையிலும் ரப்பர் தகடுகளை உலர்த்தும் புகைக்கூடத்திலும் எரிந்து தீர்ந்தது. அதைப் பலகையாக்க யாரும் முன்வராததற்குக் காரணம், ஒரு வாரம் கவனிக்காமல் போட்டாலே மரம் நீலம் பாய்ந்து, வண்டு துளைத்துப் பாழாகிவிடும்.

ஏன் அப்படி? ரப்பர் மரம் மரவள்ளியின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆம், ஊபி காயுவின் உறவு! இரண்டிலும் பால் வடியும், இரண்டிலும் மாவுச்சத்து நிறைய. மரவள்ளி அதைக் கிழங்கில் சேர்த்து வைக்கிறது, ரப்பர் தண்டிலும் வைத்திருக்கிறது. பூஞ்சைக்கும் மாவுவண்டுக்கும் அது விருந்து. அறிவியல் பாடத்தில் கற்ற அயோடின் சோதனையை இங்கே செய்யலாம். ரப்பர் பலகைத் துண்டின் முனையில் அயோடின் கரைசலை ஒரு சொட்டு விட்டு, உருப்பெருக்கியில் பாருங்கள். கருநீலப் புள்ளிகள் தென்பட்டால் வண்டு தேடி வரும் உணவு அதுதான்.

வெட்டியவுடன் அறுத்து, போரான் சேர்மக் கரைசலை அழுத்தத்தில் உள்ளே செலுத்தி, சூடான உலர்த்து அறையில் காயவைத்தால் இந்தக் குறை தீரும் என்பதைக் கண்டறிந்த பிறகு, விறகு மரம் தளவாட மரமாயிற்று. இன்று ஜொகூரின் மூவார் வட்டாரத் தொழிற்சாலைகளில் நாற்காலியும் மேசையும் ஆவது பெரும்பாலும் இதுவே. வணிகர்கள் இதை ‘மலேசிய ஓக்’ என்றும் விற்பார்கள். ஓக் மரத்துக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை.

ரப்பர் பலகையில் சின்னச் சின்னத் துண்டுகளை விரல் கோத்ததுபோல் இணைத்து ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்டு குட்டையாகவும் ஒல்லியாகவும் இருப்பதால் அகலமான பலகை அறுக்க முடியாது. சிலர் இதை மட்டமான பலகை என்று ஒதுக்குவார்கள். தட்டுக்கு இதுதான் நல்லது. ஒவ்வொரு கீற்றின் வளையக்கோடும் ஒவ்வொரு திசையில் இருப்பதால், ஒன்று வளைய நினைத்தாலும் பக்கத்துக் கீற்று விடாது.

ஒரு செய்தி மட்டும் கவனத்தில் இருக்கட்டும். போரான் சேர்மங்கள் நீரில் கரையக்கூடியவை. கோப்பை வைக்கும் தட்டின் மேல் நல்ல பூச்சு இருந்தால் போதும்; பழமோ ரொட்டியோ நேரடியாக வைக்கும் தட்டு என்றால் மருந்தேற்றாத, உலர்த்து அறையில் காய்ந்த பலகையா என்று கேட்டு வாங்குங்கள்.

எங்கே தேடுவது?

புதிய பலகைதான் வேண்டும் என்பதில்லை. உடைந்த சாப்பாட்டு மேசையின் மேற்பலகை போதும். பல ஆண்டுகள் வீட்டுக்குள் இருந்து அறையின் காற்றுக்குப் பழகிய மரம் அது. தச்சுப் பட்டறைகளில் கழிவுத்துண்டுகளைக் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள். கேட்கும்போது மரத்தின் பெயரையும் கேளுங்கள். பெயர் தெரியாத சிவந்த பலகையை இழைக்க வேண்டாம், அது ரெங்காஸாக இருக்கலாம். பார்க்க மிக அழகு, ஆனால் அதன் சாறு பட்டால் தோல் கொப்பளித்துவிடும். தூளும் சிலருக்கு அரிப்பைத் தரும். ஊரில் சலவைத் தொழிலாளர்கள் துணியில் குறியிடப் பயன்படுத்திய சேராங்கொட்டையும் இதே குடும்பம்தான்.

சரக்கு ஏற்றும் பேலட் பலகை கிடைத்தால் முத்திரையைப் பாருங்கள். ‘எச்டி’ என்ற எழுத்துகள் இருந்தால், மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரி செல்சியசில் 30 நிமிடம் சூடேற்றியது. ‘எம்பி’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுவாயு செலுத்தியது, தொடாதீர்கள். எண்ணெயோ மருந்தோ சிந்திய கறை இருந்தாலும் வேண்டாம். பழைய சாயம் பூசிய பலகையைச் சுரண்டாதீர்கள், சாயத்தில் ஈயம் இருக்கலாம்.

வெளிர்நிறத்தில் வழவழப்பான ராமின் மரத்தை யாராவது மலிவாகக் கொடுத்தாலும் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். சதுப்புக்காடுகளில் வளரும் அந்த மரம் களவாக அதிகம் வெட்டப்பட்டதால், 2004இல் பாங்காக்கில் கூடிய சைட்டிஸ் மாநாடு அதன் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டு வந்தது.

பலகையைக் கையில் வாங்கியதும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, விளிம்பின் வழியே நீளமாகப் பாருங்கள்; முறுக்கு இருந்தால் தெரிந்துவிடும். ஊசித்துளையும், தட்டினால் உதிரும் மாவுபோன்ற தூளும் இருந்தால் வண்டு உள்ளே இருக்கிறது. நீலக்கறை மரத்தின் வலிமையை அதிகம் குறைப்பதில்லை என்றாலும், பலகை நெடுநாள் ஈரமாகக் கிடந்ததைக் காட்டிக்கொடுக்கும்.

வாங்கிய அன்றே வெட்டத் தொடங்காதீர்கள். தட்டு எந்த அறையில் இருக்கப் போகிறதோ அங்கேயே, அடியில் குச்சிகள் வைத்துக் காற்றோட்டமாகக் கிடத்துங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வாருங்கள். எடை இறங்கி இறங்கி ஒரு வாரம் மாறாமல் நின்றால், பலகையும் அறையும் ஒத்துப்போய்விட்டன.

என் பழைய சட்டத்தை நான் வீசவில்லை. உட்பக்கத்தில் காடி எடுத்து, ரப்பர் பலகையைப் பசையில்லாமல் செருகினேன். அகலவாக்கில் இரு பக்கமும் 2 மில்லிமீட்டர் இடம் விட்டேன். குளிரூட்டி பழுதாகி இரண்டு வாரம் நின்றபோது பலகை காடிக்குள் இறுகி அசையாமல் இருந்தது. இப்போது குளிரூட்டி ஓடுகிறது. தட்டை ஆட்டினால் லேசாகக் கடகடக்கிறது.