குழாயின் அளவைக் கேட்பதற்கு முன்

எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்கு மனதைத் தயார்படுத்திக்கொண்டவர்கள் என்னைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, "உங்களுக்கு என்ன சைஸ் ஸ்லீவ் போட்டாங்க?" என்பதுதான். 32-ஆ, 36-ஆ, 40-ஆ? எண் சிறிதானால் எடை அதிகமாக இறங்கும் என்று பலரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையோடு மருத்துவரைத் தேடப் போனால் கேட்க வேண்டிய கேள்விகள் விட்டுப்போய்விடும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்லீவ் சிகிச்சையில் இரைப்பையின் 75 முதல் 80 சதவீதத்தை ஸ்டேப்ளர் வைத்து வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போல நீண்டு ஒடுங்கிய ஒரு பை. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது வெட்டி எடுக்கப்படும் பகுதியில்தான். எனவே பசியும் கணிசமாகக் குறைகிறது. வெட்டும்போது பை அளவுக்கு மீறி ஒடுங்கிவிடாமலிருக்க, வாய் வழியாக ஒரு குழாயை இறக்கி, அதை ஒட்டி ஸ்டேப்ளரைப் பிடிப்பார்கள். அந்தக் குழாய்க்குப் பெயர் பூஜி. அதன் தடிமனை 'பிரெஞ்ச்' என்ற அலகில் சொல்வார்கள். மூன்று பிரெஞ்ச் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். 36 என்றால் 12 மில்லிமீட்டர். 32-க்கும் 40-க்கும் நடுவே இருப்பது மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசம்.

அந்தக் குழாய் ஒரு வழிகாட்டி மட்டுமே. ஸ்டேப்ளரை அதோடு எவ்வளவு நெருக்கிப் பிடிப்பது, இரைப்பையின் அடிவாயிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் தள்ளி வெட்டத் தொடங்குவது, மேல்முனையில் எவ்வளவு எடுப்பது, நடுவில் வரும் வளைவை எப்படிக் கடப்பது என எல்லாமே மருத்துவரின் கையில் இருக்கிறது. ஒரே 36 குழாயை வைத்து இரண்டு பேர் இரண்டு விதமான ஸ்லீவ் செய்துவிட முடியும். வளைவில் நெருக்கிவிட்டால் உணவு அங்கே தடைபடும், உள்ளே அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் ஸ்டேப்ளர் போட்ட மேல்முனையைப் பதம் பார்க்கும். ஸ்டேப்ளர் போட்ட இடம் விட்டுப்போய் உள்ளே இருப்பது வெளியே கசிவதுதான் லீக். அது பெரும்பாலும் உணவுக்குழாய் வந்து சேரும் அந்த இடத்தில்தான் வருகிறது. 2012-இல் வெளியான சர்வதேச நிபுணர்களின் ஒருமித்த பரிந்துரை, 32 முதல் 36 வரை பொருத்தமானது என்றது. பின்னர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 40-உம் அதற்கு மேலும் பயன்படுத்தியவர்களிடம் லீக் குறைவாகவும், எடை இறங்கியதில் பெரிய வேறுபாடு இல்லாமலும் இருந்தது. அதற்காக எல்லோரும் 40 கேட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தன் கைக்குப் பழகிய அளவை வைத்து, அதற்கான காரணத்தைச் சொல்லத் தெரிந்த மருத்துவர் வேண்டும்.

நான் மதுரைக்காரி, வங்கியில் வேலை. பி.எம்.ஐ. 41, சர்க்கரை, தூக்கத்தில் மூச்சு நின்று விழிக்கிற தொல்லை. முதலில் சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனேன். பேக்கேஜ், அறை, தள்ளுபடி எல்லாம் ஒரு கவுன்சிலர் விளக்கினார். "32 போட்டுத் தர்றோம் மேடம், நல்லா டைட்டா இருக்கும்" என்றார். அறுவை சிகிச்சை செய்யப்போகிறவரைப் பார்க்கக் கிடைத்தது சில நிமிடங்கள்தான். என் வயிற்றைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை.

மதுரையில் பார்த்த மருத்துவர் எடுத்த எடுப்பிலேயே கேட்டார்: "ராத்திரி படுத்தா நெஞ்சு எரியுதாம்மா? புளிச்ச தண்ணி தொண்டை வரைக்கும் வருதா?" எண்டோஸ்கோப்பி பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன் என்றார். காரணத்தையும் விளக்கினார். ஸ்லீவுக்குப் பிறகு நெஞ்செரிச்சல் கூடலாம், இல்லாதவருக்குப் புதிதாகவும் வரலாம். ஏற்கெனவே கடுமையாக இருப்பவருக்கும், உணவுக்குழாயின் அடிப்பகுதி புண்பட்டிருப்பவருக்கும், இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் பைபாஸ்தான் நல்லது. எனக்கு எண்டோஸ்கோப்பியில் குறை ஒன்றும் தெரியவில்லை. "ஏதாவது இருந்திருந்தா உங்களுக்கு ஸ்லீவே வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். தன் கையில் இருக்கிற சிகிச்சையை வேண்டாம் என்று சொல்லத் தயங்காதவரிடம் உடம்பை ஒப்படைக்கலாம் என்று அப்போது தோன்றியது. இன்றும் என் எண்ணம் அதுதான்.

அளவைப் பற்றியும் கேட்டேன். "36 போடுவேன். வளைவுல மட்டும் கொஞ்சம் தள்ளிப் பிடிப்பேன். இன்னும் நெருக்கினா உங்களுக்குக் கூடுதலா என்ன கிடைக்கும்னு என்னால காட்ட முடியாது. லீக் வந்தா மாசக்கணக்குல அவதிப்படப் போறது நீங்க."

லீக் பற்றித் துருவிக் கேளுங்கள். கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று நம் ஊரில் வாய் மூடியிருப்பவர்கள் அதிகம். வருடத்துக்கு எத்தனை ஸ்லீவ் செய்கிறீர்கள், எத்தனை பேருக்கு லீக் வந்தது, அவர்களை யார் பார்த்தார்கள், எங்கே பார்த்தார்கள் என்று கேட்கலாம். நிறைய செய்தவர் "எனக்கு வந்ததே இல்லை" என்றால் நான் யோசிப்பேன். நல்ல கைகளிலும் நூற்றில் ஒருவருக்கோ அதற்குக் குறைவாகவோ லீக் வந்துவிடுவது உண்டு. வந்தபோது என்ன செய்தார் என்ற பதிலில்தான் மருத்துவர் யார் என்பது தெரியும். நடு இரவில் சி.டி. ஸ்கேன் எடுக்க முடியுமா, எண்டோஸ்கோப்பி வழியாக ஸ்டென்ட் வைக்கத் தெரிந்தவர் அங்கேயே இருக்கிறாரா, அதிக எடை உள்ளவர்களைக் கையாண்டு பழகிய மயக்க மருத்துவர் உண்டா, முழு வசதியுள்ள ஐ.சி.யூ. அதே கட்டடத்தில் இருக்கிறதா? 2024 ஏப்ரலில், சென்னைப் புறநகரில் எடை குறைப்பு சிகிச்சைக்குப் போன புதுச்சேரி இளைஞர் ஒருவர் இறந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். அதற்குப் பிறகு யாராவது என்னிடம் ஆலோசனை கேட்டால் ஐ.சி.யூ. பற்றித்தான் முதலில் பேசுகிறேன்.

தூரமும் முக்கியம். இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். லீக் அதற்குப் பிறகும், இரண்டு வாரம் கழித்தும்கூட வரலாம். காய்ச்சல், இடது தோளில் வலி, மூச்சுத் திணறல், எல்லாவற்றுக்கும் மேலாக நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டி இறங்காமல் இருப்பது, இதில் எது வந்தாலும் அந்த மருத்துவரிடமே உடனே போக வேண்டும். சென்னையில் செய்துகொண்டு மதுரையில் படுத்திருந்தால் யாரிடம் ஓடுவது? சென்னையை நான் கைவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. காப்பீட்டு ஆணையத்தின் விதிப்படி, பி.எம்.ஐ. 40-உம் அதற்கு மேலும் இருந்தாலோ, அல்லது 35-உம் அதோடு கட்டுக்குள் வராத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத் தடை, இதய நோய் போன்றவற்றில் ஒன்று இருந்தாலோ இந்தச் சிகிச்சைக்குப் பணம் கோரலாம். மற்ற வழிகளில் எடை குறைக்க முயன்று பலிக்கவில்லை என்பதற்கான சீட்டுகளும் வேண்டும். டயட்டீஷியனிடம் போன பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். காத்திருப்புக் காலம் பாலிசிக்குப் பாலிசி மாறும்.

மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும்போதே, பின்னால் வரும் வருடங்களில் யார் பார்ப்பார்கள் என்பதையும் கேட்டுவிட வேண்டும். சில வாரங்களுக்குத் தண்ணீர் ஆகாரம், பிறகு கூழ், பிறகு குழைவாக என்று ஏறுவது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகுதான் நீண்ட வேலை. ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம். முட்டை, மீன், பயறு, பனீர் முதலில். சோறு கடைசியில், இடம் இருந்தால். எனக்குச் சோறும் காய்ந்த இட்லியும் நெஞ்சில் நின்றன. மிக்சரும் முறுக்கும் பாதாம் பாலும் தடையில்லாமல் இறங்கின. ஸ்லீவ் எவ்வளவு ஒடுக்கமாக இருந்தாலும் இவை வழுக்கிக்கொண்டு போய்விடும். எடை திரும்பி ஏறுகிற வழி அது. குழாயின் எண் அதைத் தடுக்காது. இதை முன்கூட்டியே எடுத்துச் சொன்னவர் எங்கள் மருத்துவரிடம் இருந்த டயட்டீஷியன். அவர் வாட்ஸ்அப்பில் இன்றும் பதில் சொல்கிறார்.

முதல் சில மாதங்களில் முடி கொட்டும், பிறகு வளரும். பித்தப்பையில் கல் வராமலிருக்க மாத்திரை தருவார்கள். திருமணமான பெண்கள் ஒன்றரை வருடமாவது கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். பி12, இரும்பு, வைட்டமின் டி, கால்சியம் ஆயுள் முழுக்கத் தொடரும். விடாமல் வாந்தி வந்தால் வீட்டிலேயே சமாளிக்காதீர்கள். பி1 வைட்டமின் குறைந்து நரம்பைத் தாக்கிவிடும். வருடத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, நெஞ்செரிச்சல் இல்லாவிட்டாலும் சில வருடங்களுக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பி. இவற்றுக்கெல்லாம் தேதி குறித்துக் கூப்பிடுகிற ஆள் அந்த மருத்துவமனையில் இருக்கிறாரா என்பதை, முன்பணம் கட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.