செங்கோலும் மன்னிப்பும்

தேரூர்ந்து கன்றைக் கொன்ற அரசகுமாரனுக்குத் தந்தையே தண்டம் விதித்த வரலாற்றை, திருவாரூர் மனுநீதிச் சோழன்மேல் வைத்துப் பெரியபுராணம் கூறும். அனுராதபுரத்திலிருந்து ஆண்ட எல்லாளன்மேல் வைத்து மகாவம்சமும் அதனையே கூறும். மாற்றுச் சமயத்தானாயினும் அவனது நடுவுநிலையைப் பாளி நூலார் மறைத்திலர். ஊர்தி செலுத்தினோன் யாவனென நோக்கித் தண்டம் குறைத்தலாகாது என்பதே இரண்டும் உணர்த்தும் நீதி.

இக்காலத்துத் தேர் மோட்டார் வண்டியாகும். பொத்துவிலிலிருந்து அக்கரைப்பற்று, நிந்தவூர், கல்முனை ஆகிய ஊர்களை ஊடறுத்து மட்டக்களப்பை அடையும் நெடுவீதியை நாம் நாள்தோறும் காண்கின்றோம். மதுவை விலக்கென ஒழுகும் ஊரினரும் பிறர் அருந்திய மதுவால் அவ்வீதியில் உயிரிழத்தல் கூடும். குடித்தபின் வண்டியோட்டுவோன் கொல்லும் நோக்கமுடையோன் அல்லன். ஆயினும் அவன் செயல் வெறும் விபத்துமன்று. குடிப்பதும், குடித்தபின் வண்டியில் ஏறுவதும் அவன் தேர்ந்தவையே. ஆகவே, அவன் முன்னும் இவ்வாறு பிழைத்தவனா, அடிபட்டோனுக்கு உதவ நின்றானா, ஓடி ஒளித்தானா என்பவற்றை நீதிபதி தூக்கிப் பார்த்தல் வேண்டும்.

தண்டப்பணம் தோற்றத்தில் யாவர்க்கும் ஒன்று, பயனில் வேறு. வசதியுடையோன் அதனைச் செலுத்தி அன்றே இல்லம் ஏகுவன். கரைவலை இழுக்கும் நாட்கூலியாளன் செலுத்த இயலாது சிறை புகுவன். வெசாக், நோன்புப் பெருநாள், நத்தார் போன்ற நாட்களில், தண்டப்பணம் செலுத்தாமையாற் சிறையிருப்போர் விடுவிக்கப்படுங்கால் அதனை நாம் சலுகையென இகழ்தல் தகாது. அது ஏற்றத்தாழ்வை ஒருவாறு நிரப்புவதாகும்.

ஆனால், மன்னிப்புக்கும் முறை உண்டு. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 34 ஆம் உறுப்புரை மன்னிக்கும் அதிகாரத்தைச் சனாதிபதிக்கு அளிக்கின்றது. மரணதண்டனை பெற்றோனாயின், விசாரித்த நீதிபதியின் அறிக்கை, சட்டமா அதிபரின் ஆலோசனை, நீதி அமைச்சரின் விதப்புரை ஆகியன வேண்டுமென்றும் அது கூறுகின்றது. முன்னாட் பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்கு 2021 இல் வழங்கப்பட்ட மன்னிப்பையும், ரோயல் பார்க் கொலைக் குற்றவாளிக்கு 2019 இல் வழங்கப்பட்ட மன்னிப்பையும் உயர் நீதிமன்றம் 2024 இல் செல்லாதனவாக்கியது. இவை வீதிக் குற்றங்கள் அல்ல. எனினும் ஆள்வோரின் கருணையும் சட்டத்துக்கு உட்பட்டதே என்னும் நெறி எல்லாக் குற்றங்களுக்கும் பொருந்தும். 2025 வெசாக் காலத்தில், மன்னிப்புப் பட்டியலிற் பெயரில்லாத கைதி ஒருவர் விடுவிக்கப்பட்டமை பெருஞ் சர்ச்சையாயிற்று. அது நிகழ்ந்தது எல்லாளன் அரசிருந்த அனுராதபுரத்துச் சிறையிலே என்பது சிந்திக்கத்தக்கது.

நம் அயலவரான முஸ்லிம்களின் மார்க்கச் சட்டமரபில் கற்கத்தக்கது ஒன்றுண்டு. தவறுதலாய் நேர்ந்த உயிரிழப்புக்குரிய இழப்பீட்டை விட்டுக்கொடுக்கும் உரிமை இறந்தோனின் குடும்பத்தாரைச் சாரும். நம் நாட்டுக் குற்றவியற் சட்டம் அம்மரபினதன்று. எனினும் மன்னிக்குமுன் இழந்தோரைக் கேட்டல் எந்நாட்டுக்கும் இயல்வதே.

வள்ளுவர் செங்கோன்மைக்கு ஓர் அதிகாரமும் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். இரண்டையும் சேர்த்துப் பயிலும் மாணவர் மூன்று வினாக்களை எழுப்புவாராக: விடுதலைக்குக் காரணம் எழுத்தில் உண்டா? அக்காரணம் ஏழைக்கும் பொருந்துமா? இழந்தோர் கேட்கப்பட்டனரா? இம்மூன்றுக்கும் ஆம் என விடைவரின் அது கருணை. வாராதாயின் அது கோல் கோடுதலேயாம்.