கையால் தைத்தால்தான் குவில்டா?

நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வையான குவில்டில், கையால் தைத்ததுதான் அசல், மிஷினில் அடித்தது அவசரக்காரர்களின் வேலை என்று ஒரு எண்ணம் இருக்கிறது. மிஷினில் அழகாகத் தைப்பவர்களே அதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சப்படுவார்கள். அதற்குத் தேவையே இல்லை. ஐசக் சிங்கர் தன் தையல் மிஷினுக்குக் காப்புரிமை வாங்கியது 1851-ல். தவணை முறையில் அது அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்த அடுத்த சில பத்தாண்டுகளிலேயே பெண்கள் அதில் குவில்டும் தைத்தார்கள். மிஷின் வைத்திருப்பதே பெருமையாக இருந்த காலம். தையலை மறைக்காமல் நன்றாகத் தெரியும்படியே விட்டார்கள். மிஷின் மட்டம் என்ற பேச்சு வலுத்தது பிறகுதான். 1989-ல் கென்டக்கி மாநிலத்தின் பதூகா நகரில் நடந்த அமெரிக்கன் குவில்டர்ஸ் சொசைட்டியின் போட்டியில், கேரில் பிரையர் ஃபாலர்ட் செய்த ‘கொரோனா 2: சோலார் எக்லிப்ஸ்’ ஒட்டுமொத்தச் சிறப்புப் பரிசை வென்றது. மிஷின் குவில்டிங்குக்கு அந்தப் பரிசு போனது அதுவே முதல் முறை.

‘சரி, அதற்குப் பெரிய மிஷின் வேண்டுமே’ என்பார்கள். கடைகளுக்குத் தைத்துக் கொடுக்கிறவர்களுக்கு லாங் ஆர்ம் என்ற பெரிய மிஷின் வசதிதான், மறுக்கவில்லை. வீட்டுக்கு ஒன்றிரண்டு போர்வை தைக்க, நேர்த் தையல் மட்டும் போடும் பழைய கறுப்பு மிதி மிஷின் போதும். ஊசி இறங்கும் இடத்தில் ஒரே ஒரு சின்ன வட்டத் துளைதான் இருப்பதால் துணி உள்ளே இழுபடாது, தையல் நேராக விழும். கை மிஷின் மட்டும் ஆகாது. சக்கரத்தைச் சுற்ற ஒரு கை போய்விட்டால், போர்வையைப் பிடிக்க இன்னொரு கை பத்தாது.

உண்மையான இடைஞ்சல், ஊசிக்கு வலப்புறம் உள்ள 6, 7 அங்குல இடைவெளி. போர்வையின் ஒரு பக்கத்தை இறுக்கமாகச் சுருட்டி அதற்குள் விட்டு, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தைத்துக்கொண்டு வர வேண்டும். மிஷினுக்கு இடப்பக்கமும் பின்னாலும் மேசை போட்டுப் பாரத்தைத் தாங்கச் செய்யுங்கள். போர்வை தரையில் தொங்கினால் அதன் கனமே துணியை இழுத்துத் தையலைக் குட்டையாக்கும். நேர்க்கோட்டுத் தையலுக்கு, மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் பெரும் உதவி. பூவும் வளைவும் போட விரும்பினால், மிதி மிஷினில் ஃபுட்டைக் கழற்றிவிட்டு, வளையத்தில் துணியை மாட்டி எம்பிராய்டரி போடுகிறவர்களைக் கவனியுங்கள். ஃப்ரீ மோஷன் குவில்டிங்கும் அந்த வேலைதான். வளையத்துக்குப் பதில் இரண்டு உள்ளங்கைகள். இங்கே ஊசியைச் சுற்றி நிற்கும் டார்னிங் ஃபுட் மாட்டிக்கொண்டால் விரலுக்குப் பத்திரம். துணியை நகர்த்தும் அடிப்பல்லை இறக்கிவிடுங்கள்; இறக்க முடியாத மிஷின் என்றால் தையல் நீளத்தை 0-வில் வையுங்கள்.

அடித்துணியில் சுருக்கம் விழுந்தால் எல்லோரும் மிஷினைத்தான் திட்டுகிறார்கள். பெரும்பாலும் தப்பு அதற்கு முந்தைய வேலையில் இருக்கும். அடித்துணியைத் தரையில் விறைப்பாக விரித்து ஓரங்களை டேப் ஒட்டி நிறுத்தி, அதன்மேல் பஞ்சு விரிப்பையும் முகப்பையும் போட்டு, நான்கு விரல் இடைவெளியில் ஊக்கு குத்த வேண்டும். அலுப்பான வேலை. இதில் மிச்சம் பிடித்த நேரத்தைத் தையல் பிரிப்பதில் கொடுக்க நேரிடும்.

நடுவில் எந்தப் பஞ்சும் வைக்கலாம் என்பதும் தவறு. இலவம்பஞ்சு தலையணைக்குத்தான் சரி. அதன் இழைகள் வழுவழுப்பானவை, ஒன்றோடொன்று பிடிக்காமல் மூலைக்கு ஒதுங்கிவிடும். விரிப்பாக விற்கும் பருத்தியோ பாலியஸ்டரோ வாங்குங்கள். பாலியஸ்டர் நூல் பருத்தித் துணியை அறுத்துவிடும் என்பது மூட நம்பிக்கை. துணியைவிடத் தடித்த நூலாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஒட்டுத்துணிப் போர்வை ஏழைகளின் கண்டுபிடிப்பு என்று சொல்வதில் ஒரு உருக்கம் இருக்கிறது, வரலாறு குறைவு. இங்கிலாந்தின் லெவன்ஸ் ஹால் மாளிகையில் சுமார் 1708-ஐச் சேர்ந்த ஒட்டுத்துணிக் குவில்ட் ஒன்று இருக்கிறது. அதிலுள்ள துண்டுகள் இந்தியாவிலிருந்து கப்பலேறிய, பூப்போட்ட சிண்ட்ஸ் துணி. சோழமண்டலக் கரையில் எழுதிச் சாயமேற்றிய இவ்வகைத் துணிகள் இங்கிலாந்தில் வசதியானவர்களின் பண்டம். துண்டு துணியைக்கூட வீசியெறிய மனம் வராது. ஆலைத்துணி மலிவான 19-ஆம் நூற்றாண்டில்தான் இந்தக் கலை சாதாரண வீடுகளில் பரவியது. ‘பழசு எதுவானாலும் போடலாம்’ என்ற ஆலோசனையும் இந்த ஏழைக் கதையிலிருந்து கிளைத்ததுதான். நைந்த சேலையைப் புதுத்துணியோடு சேர்த்தால், நாலைந்து சலவையில் பழசு தையலோரமாகக் கிழியும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இழை விலகியிருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

வெட்டுமுன் துவைத்தே ஆக வேண்டுமா? கட்டாயமில்லை. துவைக்காத பருத்தியில் தைத்து, பிறகு அலசினால் கொஞ்சம் சுருங்கி, பழம்போர்வையின் மெல்லிய நெளிவு வரும். பலர் அதற்காகவே துவைக்காமல் தைக்கிறார்கள். சாயம் வேறு விஷயம். சோழமண்டலச் சிண்ட்ஸ் ஐரோப்பாவில் கொண்டாடப்பட்டதே துவைத்தாலும் சாயம் போகாது என்பதற்காக. ஆனால் 1960-களில் அமெரிக்கக் கடைகள், சாயம் போவதையே சிறப்பாகச் சொல்லி விற்றது நம் மெட்ராஸ் செக் துணியை! சட்டைக்கு அது அழகாக இருந்திருக்கலாம். வெள்ளைத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்தால் விபரீதம். அடர் சிவப்பு, நீலம், கறுப்பு எதுவாக இருந்தாலும் ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணிமேல் வைத்து அழுத்துங்கள். கறை பிடித்தால் அந்தத் துணியைத் தனியாக, தண்ணீர் தெளியும்வரை அலசிவிட்டுப் பிறகு கத்தரியை எடுங்கள்.