பழைய தவணையையே கட்டினால் கடன் ஏன் வளர்கிறது?

கடன், காணி, சேமிப்பு: வாசகர் கேள்விகளுக்குக் கந்தளாயிலிருந்து ஓய்வுபெற்ற வங்கிக் கடன் அலுவலர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: 2021 தையில் வீடு கட்ட 30 லட்சம் ரூபா கடன் எடுத்தோம். நூற்றுக்கு 9 வட்டி, 15 வருடம், மாதம் 30,400 ரூபா. 2022 நடுப்பகுதியில் தவணை 60 ஆயிரத்துக்கு மேல் என்று வங்கியிலிருந்து கடிதம் வந்தது. நாங்கள் இருவரும் ஆசிரியர்கள், கட்ட வழியில்லை. முகாமையாளரிடம் கெஞ்சிப் பழைய தவணையையே கட்டி வந்தோம். ஒரு மாதமும் தவறவில்லை. இப்போது மிச்சம் எவ்வளவு என்று கேட்டால், எடுத்ததைவிடக் கூடச் சொல்கிறார்கள். வங்கி எங்களை ஏமாற்றிவிட்டதா?
*(ஆசிரியை, பேராறு)*

பதில்: தங்கச்சி, அந்த வங்கி ஏமாற்றியதாக நான் நினைக்கவில்லை. உங்களுக்கு எதையும் விளங்கப்படுத்தவில்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

கணக்கைப் பாருங்கள். ஒன்றரை வருடம் ஒழுங்காகக் கட்டியதும் உங்கள் மிச்சம் ஏறத்தாழ 28 லட்சத்து 50 ஆயிரம். அதற்கு நூற்றுக்கு 25 வட்டி வந்தால் ஒரு மாத வட்டி மட்டும் 59 ஆயிரத்துக்கு மேல். நீங்கள் கட்டியது 30,400. ஆக மாதம் 29 ஆயிரம் ரூபா வட்டி கட்டப்படாமல் நின்றது. ஒரு வருடத்தில் அது மூன்றரை லட்சம். முதல் தொகையில் ஒரு சதமும் குறையவில்லை. தவணை தவறாமல் கட்டியும் கடன் வளர்ந்தது இப்படித்தான்.

வட்டி ஏன் அப்படி ஏறியது? உங்கள் கடன் உறுதிக் கடிதத்தை எடுத்து வாசியுங்கள். ‘ஏ.டபிள்யூ.பி.ஆர். கூட்டல் இத்தனை வீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீளாய்வு’ என்று ஒரு வரி இருக்கும். வங்கிகள் தங்கள் முதல்தர வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கடனின் சராசரி வட்டிதான் அது. 2020 கடைசியில் 6 வீதத்தைச் சுற்றி இருந்தது, 2022 கடைசியில் 27 வீதத்தையும் தாண்டிப் போனது. அந்த வரியின் கீழே நீங்கள் இருவரும் கையொப்பம் வைத்திருப்பீர்கள்.

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. வீட்டுக்கு அத்திவாரம் வெட்ட நாள் பார்க்கிறோம். நிலையம் பார்க்க ஆள் கூட்டிவந்து வாசல் எந்தப் பக்கம் என்று கேட்கிறோம். மேசனின் கூலியை நான்கு இடத்தில் விசாரிக்கிறோம். பதினைந்து வருடம் நம் சம்பளத்தைத் தின்னப்போகும் கடிதத்தை மட்டும் வங்கி மேசையில் நின்றபடியே, பேனா நீட்டிய இடத்திலெல்லாம் ஒப்பமிட்டுவிட்டு வருகிறோம். அதிகாரி அவசரப்படுத்தினார் என்பார்கள். அவசரப்படுத்தட்டும். வீட்டுக்குக் கொண்டுபோய் நாளை தருகிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. வாசித்து விளங்காவிட்டால் ஒரு கேள்வி போதும்: ‘வட்டி இரண்டு மடங்கானால் என் தவணை எவ்வளவு?’ அந்தத் தொகையை உங்கள் சம்பளம் தாங்காது என்றால் கடனைக் குறையுங்கள். வீட்டை இரண்டு அறையோடு நிறுத்துங்கள். 9 வீதத்தில் தாங்குகிற கடனைக் கணக்குப் பார்த்து எடுத்தவர்கள்தான் 2022இல் நகையை அடகு வைத்து வட்டி கட்டினார்கள். வட்டி குறைவாக இருக்கும் காலத்தில் எடுக்கும் கடன்தான் ஆபத்தானது, ஏனென்றால் அங்கிருந்து வட்டி ஏறத்தான் முடியும்.

இனிச் செய்யவேண்டியது. முதலில், கடன் தொடங்கிய நாளிலிருந்து முழுக் கணக்கறிக்கையும், எந்தத் திகதியில் வட்டி எவ்வளவாக மாறியது என்ற விபரமும் எழுத்தில் கேளுங்கள். மத்திய வங்கியின் கொள்கை வட்டி 2023 பங்குனியில் வைப்புக்கு 15.5, கடனுக்கு 16.5 வீதத்தில் உச்சம் தொட்டது. அந்த வருடம் ஆனியிலிருந்து இறங்கி, 2025 வைகாசியில் ஒரே கொள்கை வட்டியாக 7.75 வீதத்துக்கு வந்தது. ஏறும்போது உடனே ஏற்றியவர்கள் இறங்கும்போது இறக்கினார்களா என்று அந்த அறிக்கை காட்டும். இறக்கவில்லை என்றால் கடிதம் கொடுங்கள், வாயால் கேட்காதீர்கள். அடுத்து, நிலுவை வட்டியை முதலோடு சேர்க்காமல் தனியாக ஒதுக்கி, அதற்கு வட்டி போடாமல் தவணை பிரித்துத் தரும்படி கேளுங்கள். நல்ல முகாமையாளர்கள் இதைச் செய்து கொடுத்திருக்கிறார்கள். வங்கி மசியாவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் இருக்கிறது, 1935 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். நீங்கள் ஒரு தவணையும் தவறவில்லை என்பது உங்கள் கையில் இருக்கும் பெரிய பலம். பயப்படாமல் போய்க் கதையுங்கள்.

கேள்வி: மைத்துனரின் ஆட்டோ லீசிங்குக்குப் பிணை நின்றேன். அவர் கத்தாருக்குப் போய்விட்டார். இப்போது என்னைக் கட்டச் சொல்கிறார்கள். நான் அந்தக் காசில் ஒரு ரூபாவும் தொடவில்லையே?
*(வான்எல)*

பதில்: தொடாவிட்டாலும் கட்டவேண்டியவர் நீங்கள்தான். பிணை என்றால் அதுதான். உங்கள் பெயரும் கடன் தகவல் பணியகத்தின் கிரிப் அறிக்கையில் ஏறும். மைத்துனரோடு இன்றைக்கே பேசுங்கள்.

கேள்வி: 2019 கடைசியில் 20 லட்சத்துக்கு வாங்கிய காணியை 2024 மார்கழியில் 30 லட்சத்துக்குக் கேட்டார்கள். நாடே விழுந்தபோதும் காணி விழவில்லை. கடன் எடுத்தாவது இன்னொரு துண்டு வாங்கிப் போடலாம் என்று நினைக்கிறேன். சரிதானே?
*(வியாபாரி, முள்ளிப்பொத்தானை)*

பதில்: சரியில்லை. உங்கள் காணி விழுந்துவிட்டது, உங்களுக்குத்தான் தெரியவில்லை.

கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி 2019 கடைசியில் 100 ரூபாவுக்கு வாங்கிய சாமானுக்கு 2024 கடைசியில் ஏறக்குறைய 190 ரூபா கொடுக்கவேண்டும். 2022 புரட்டாதியில் ஆண்டுப் பணவீக்கம் 69.8 வீதம். அப்படியானால் உங்கள் 20 லட்சம் 38 லட்சத்துக்குக் கிட்ட நின்றால்தான் வாங்கிய இடத்தில் நிற்கிறீர்கள் என்று பொருள். டொலரில் பாருங்கள். 2019இல் டொலர் 181 ரூபா, நீங்கள் கொடுத்தது 11,000 டொலர். 2024 கடைசியில் டொலர் 293 ரூபா, உங்களைக் கேட்டது 10,200 டொலருக்கு.

நம் நாட்டில் காணி விலை ரூபாவில் இறங்குவது அரிது. விற்பவர் விலையைக் குறைக்கமாட்டார், வாங்குபவர் வரமாட்டார், காணி அப்படியே நிற்கும். 2022இல் கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் ‘காணி விற்பனைக்கு’ என்ற பலகைகள் நிறம் மங்கும்வரை வேலியில் தொங்கின. ஆஸ்பத்திரிச் செலவுக்கோ பிள்ளையின் பயணத்துக்கோ அவசரமாக விற்க வந்தவர்கள், கேட்ட விலையில் பாதிக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த விலையை யாரும் ஊரில் சொல்வதில்லை. ஆகவேதான் காணி விழாது என்ற கதை உயிரோடு இருக்கிறது.

கையில் சும்மா இருக்கும் காசு என்றால் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கடன் எடுத்து வேண்டாம். வருமானம் தராத வெறுங்காணி ஒரு மாத வட்டியும் கட்டித் தராது.

கேள்வி: அறுவடை முடியத்தான் உழவு இயந்திரத்துக்கான தவணை என்று லீசிங் முகவர் சொன்னார். இப்போது மாதாமாதம் கேட்கிறார்கள்.
*(விவசாயி, அக்போபுர)*

பதில்: ஒப்பந்தத்தில் இல்லாத வாக்கு செல்லாது. வருடத்துக்கு இரண்டு முறை வருமானம் பார்க்கிறவர் மாதத் தவணைக்கு ஒப்பமிடவே கூடாது. கம்பனிக்குக் கடிதம் எழுதி அறுவடைத் தவணைக்கு மாற்றக் கேளுங்கள்.

கேள்வி: உயர்தரத்தில் பொருளியல் படிக்கிறேன். 2008இல் அமெரிக்காவில் நடந்ததும் 2022இல் இங்கே நடந்ததும் ஒன்றா? எங்கள் ஆசிரியர் இரண்டும் கடனால் வந்த நெருக்கடி என்று சொல்லிவிட்டார்.
*(மாணவன், கந்தளாய்)*

பதில்: ஆசிரியர் சொன்னது பிழையில்லை, பாதிதான். அங்கே வீட்டுக் கடனில் தொடங்கி வங்கிக்கும் அரசாங்கத்துக்கும் போனது. இங்கே அரசாங்கத்தில் தொடங்கி வீட்டுக் கடனுக்கு வந்தது.

அமெரிக்காவில் 2003இல் கொள்கை வட்டி 1 வீதம். திருப்பிக் கட்ட வருமானம் இல்லாதவர்களுக்கும் வீட்டுக் கடன் கொடுத்தார்கள். முதல் இரண்டு வருடம் தவணை குறைவு, பிறகு ஏறும். அந்தக் கடன்களைக் கட்டுக்கட்டாக்கி உலகம் முழுக்க விற்றார்கள். 2006 நடுவில் வட்டி 5.25 வீதம் ஆனது. தவணை கட்ட முடியவில்லை, வீட்டு விலையும் சரிந்தது. 2008 செப்டெம்பர் 15இல் லீமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி வங்குரோத்து அறிவித்தது. வீட்டு விலை 2012 வரைக்கும் எழும்பவில்லை, நாலில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது.

நம் கதை வேறு. 2019 கடைசியில் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதத்துக்குக் குறைத்தார்கள், அரச வருமானம் சரிந்தது. கொரோனாவோடு உல்லாசப் பயணிகளும் நின்றார்கள். வெளிநாட்டில் புதுக் கடன் கிடைக்கவில்லை, பழைய கடனைக் கையிருப்பிலிருந்து கட்டினார்கள். 2019 முடிவில் 7.6 பில்லியன் டொலராக இருந்த கையிருப்பு 2021 முடிவில் 3.1 பில்லியன். டொலரை 203 ரூபாவில் பிடித்து வைத்திருந்து, 2022 பங்குனியில் கைவிட்டபோது இரண்டு மாதத்தில் 360 ஆனது. சித்திரை 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. மேலே ஆசிரியைக்கு வந்த கடிதம் அந்த வட்டி ஏற்றத்தில் பிறந்ததுதான்.

நம்மூருக்கு இன்னொரு அடியும் விழுந்தது. 2021 வைகாசியில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தார்கள், கார்த்திகையில் நீக்கினார்கள். அதற்குள் பெரும்போகம் கெட்டுவிட்டது. அடுத்த போகத்தில் ஒரு மூட்டை யூரியா 30,000 ரூபாவையும் தாண்டி விற்றது. குளத்தில் தண்ணீர் இருந்தும் வயலில் விளைச்சல் இல்லாத வருடம் அது. பரீட்சையில் கேட்டால் இதையும் எழுது, தம்பி.

கேள்வி: குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த அனுமதிப்பத்திரக் காணி. அதை வைத்துக்கொண்டு ஒருவர் 5 லட்சம் தருகிறேன் என்கிறார். வெற்றுத் தாளில் ஒரு கையொப்பம் மட்டும் கேட்கிறார்.
*(ரஜஎல)*

பதில்: போடாதீர்கள். பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் அந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ சட்டம் இடம் கொடுக்காது. அது அவருக்கும் தெரியும், அதனால்தான் வெற்றுத் தாள் கேட்கிறார்.

கேள்வி: 2018இல் வீடமைப்புத் திட்டத்தில் வீடு கிடைத்தது. சுவர் எழும்பிய பிறகு 2019 கடைசியில் ஆட்சி மாறியது, அடுத்த கட்டப் பணம் வரவில்லை. கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். நுண்கடன் எடுத்துக் கூரையைப் போடலாமா?
*(தம்பலகாமம்)*

பதில்: வேண்டாம், சகோதரி. உங்களைப் போல அரைகுறை வீட்டோடு விடப்பட்டவர்கள் இந்த மாவட்டத்தில் நிறையப் பேர், இது உங்கள் பிழை இல்லை. அரசாங்கம் ஏழைக்குக் கட்டித் தருவதாகச் சொல்லித் தொடங்கிய வீட்டை, ஆட்சி மாறியதற்காக நடுவில் விட்டது அநியாயம்.

ஆனால் கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் கடன் கூரையையும் காப்பாற்றாது. 2018இல் வறட்சி மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடனை அரசாங்கமே தள்ளுபடி செய்யவேண்டி வந்தது, வட்டிக்கு 35 வீதம் என்று உச்சவரம்பும் போட்டது. உச்சவரம்பே 35 என்றால் அதற்கு முன் எவ்வளவு வாங்கினார்கள் என்று யோசியுங்கள்.

முழு வீட்டையும் நினைக்காதீர்கள். ஓர் அறைக்கும் குசினிக்கும் மட்டும் தகரம் போட்டுக் குடியேறுங்கள். தூணில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிக்குச் சீமெந்துக் கரைசல் பூசுங்கள், மழையில் துருப்பிடித்தால் பிறகு அந்தத் தூணை உடைக்கவேண்டி வரும். சுவரின் மேல் வரிக் கல்லைத் தறப்பாளால் மூடுங்கள். தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபையின் திருகோணமலை அலுவலகத்துக்குப் போய், உங்கள் கோவையில் எந்தக் கட்டம்வரை பணம் விடுவிக்கப்பட்டது என்று எழுத்தில் வாங்குங்கள். நிலுவைப் பணம் விடுவிக்கும்போது கோவை சரியாக இருப்பவருக்குத்தான் முதலில் கிடைக்கும்.

கேள்வி: ஓய்வூதியப் பணிக்கொடை 20 லட்சம். நிதிக் கம்பனி ஒன்று வங்கியைவிட 3 வீதம் கூடத் தருகிறது. போடலாமா?
*(ஓய்வுபெற்ற தபால் அலுவலர், கிண்ணியா)*

பதில்: ஐயா, கூடத் தருகிற 3 வீதம் நீங்கள் சுமக்கும் ஆபத்துக்கான கூலி. மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2008 மார்கழியில் விழுந்த கோல்டன் கீ கம்பனிக்கு வைப்பு வாங்க அனுமதியே இருக்கவில்லை. அனுமதி இருந்தாலும் போதாது. அதே குழுமத்தைச் சேர்ந்த, காணி விற்பனையில் பெயர் பெற்ற த ஃபினான்ஸ் கம்பனி அனுமதியோடு இயங்கியதுதான். கோல்டன் கீ விழுந்தபோது வைப்பாளர்கள் காசைத் திருப்பிக் கேட்டு ஓடினார்கள். காணியில் போட்ட பணத்தை ஒரு நாளில் எடுக்க முடியுமா? பத்து வருடத்துக்கு மேல் இழுபட்டு, 2020 மே 22இல் அனுமதி இரத்தானது. அப்போது வைப்புக் காப்புறுதி கொடுத்தது ஆளுக்கு 6 லட்சம் வரைதான்.

இன்று அந்த எல்லை 11 லட்சம். ஒரு நிறுவனத்தில் ஒரு ஆளுக்கு 11 லட்சம், கணக்குக்கு அல்ல. ஒரே இடத்தில் நாலு புத்தகம் வைத்திருந்தாலும் அதுதான். உங்கள் 20 லட்சத்தை இரண்டு வங்கியில் பாதி பாதியாகப் போடுங்கள். 3 வீதத்தை விட்டுவிடுங்கள்.

*வாசகர்களுக்கு: கடன் பற்றிக் கேட்பவர்கள் கடன் உறுதிக் கடிதத்தின் பிரதியையும் சேர்த்து அனுப்புங்கள். பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் கறுப்பு மையால் மறைத்துவிடுங்கள். கடிதம் இல்லாத கேள்விக்கு இனிமேல் பதில் எழுதமாட்டேன்.*