தோள்மூட்டுச் சத்திரசிகிச்சையும் மயக்கமருந்துத் தேர்வும்

மக்களுடம்பின் மூட்டுகளுள் தோள்மூட்டைப் போல எப்பக்கமும் சுழலவல்லது பிறிதொன்றில்லை. இச்சுதந்திரத்திற்கு விலையாக அம்மூட்டு உறுதியிற் குறைந்தது. சிறு தட்டொன்றிற் பெரும் பந்தொன்றை வைத்தாற்போன்ற அதன் அமைப்பைச் சூழநின்று காப்பன நான்கு தசைகளின் நாண்களே. நாள் முழுதும் கொழுந்து பறித்தும், கூடைக்கயிற்றைத் தலையிலே தாங்கியும், கவ்வாத்துக் கத்தியை வீசியும், மழைக்காலத்துச் சரிவிலே வழுக்கிக் கையூன்றி வீழ்ந்தும் உழைப்போரிடத்து அந்நாண்கள் தேய்ந்து கிழிதல் வியப்பன்று.

அக்கரப்பத்தனைக்கு அப்பால், ஹோர்ட்டன் சமவெளியின் அயலிலே, ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் அமைந்தது டயகம. அத்தோட்டத்துப் பெண்ணொருத்திக்கு இந்நோய் நேர்ந்ததெனக் கொள்வோம். வயது 45; எடை 40 கிலோ; மலையகப் பெண்கள் பலரிடத்துங் காணப்படும் குருதிச்சோகை அவளுக்கும் உண்டு. அவளுக்குச் சிறு துளைவழிச் சத்திரசிகிச்சை செய்வதெனப் பெரிய வைத்தியசாலை ஒன்றில் முடிவாயிற்று. எந்த மருந்தால் அவளை உறங்கவைப்பது என்பதே இக்கட்டுரை ஆராயும் வினா.

மூட்டினுள் கருவி செலுத்திப் பார்க்கும் முறை புதியதன்று. 1918இல் யப்பானியரான கெஞ்சி தக்காகி, சிறுநீர்ப்பையைப் பார்க்குங் கருவியை இறந்தோர் முழங்காலினுட் செலுத்தி நோக்கினார். 1931இல் நியூயோர்க்கைச் சேர்ந்த பேர்மன் பிணத்தின் தோள்மூட்டையும் இவ்வாறே ஆராய்ந்தார். இன்று விரல் நுழையாத துளைகள் வழியே ஒளிக்கருவியும் தையற்கருவியும் செல்கின்றன. மூட்டை விரித்துத் தெளிவாகக் காட்ட, உப்புநீர் இடையறாது பாய்ச்சப்படுகின்றது. அந்நீரிற் சிறிது குருதி கசிந்தாலும் போதும். ஆற்றுநீர் கலங்கினாற்போலத் திரை செந்நிறமாகிவிடும். ஆதலின் நோயாளியின் இரத்த அமுக்கத்தைத் தாழ்த்தித் தருமாறு சத்திரசிகிச்சை வைத்தியர் கேட்பது வழக்கம். அவர் கேட்பதிலும் நியாயமுண்டு.

இடர் வருவது நோயாளி இருக்கும் நிலையிலிருந்து. நோயாளியைச் சாய்வுநாற்காலியில் அமர்த்தியதுபோல் நிமிர்த்திவைத்துத் தோளிற் சிகிச்சை செய்யும் முறை 1988இல் விவரிக்கப்பட்டு, பின்னர் எங்கும் பரவியது. அந்நிலையில் தலை நெஞ்சுக்கு மேலே நிற்கின்றது. உயரத்தின் ஒவ்வொரு சதமமீற்றருக்கும் இரத்த அமுக்கம் ஏறக்குறைய முக்கால் மில்லிமீற்றர் இரசம் குறையும். மூளை இதயத்திற்கு 25 சதமமீற்றர் மேலே இருப்பின் குறைவு 19 மில்லிமீற்றர் ஆகும். கையிற் கட்டிய பட்டி சராசரி அமுக்கம் 65 எனக் காட்டும்போது மூளையிலுள்ளது 46 மாத்திரமே. பட்டியைக் கெண்டைக்காலிற் கட்டி அளப்பின் பிழை இன்னும் பெரிது. தாழ்ந்த இடத்து அமுக்கம் மிகுதியாகக் காட்டி நம்மை ஏமாற்றும். நிமிர்ந்த நிலையில் தோட்சிகிச்சை பெற்ற நால்வர்க்கு மூளையோ தண்டுவடமோ குருதியின்றிச் சிதைந்தமை 2005இல் வெளியான மருத்துவ அறிக்கையொன்றால் உலகறிந்தது. கண்ணிற்குப் புலப்படும் மூட்டுத் தெளிவாக, புலப்படாத மூளை வாடுதல் எத்துணைக் கொடிது! நம் டயகமப் பெண்ணுக்கோ குருதியிலே ஒட்சிசனைத் தாங்குந் திறன் முன்னமே குறைவு. அமுக்கமுங் குறைந்தால் இரு குறைகளும் ஒன்றுசேரும்.

எனவே மயக்கமருந்தின் உரைகல், அது எவ்வளவு விரைவில் உறக்கந் தரும் என்பதன்று. அமுக்கத்தை எவ்வாறு நடத்தும் என்பதே. 1934 முதல் வழங்கிவரும் தயோபென்ரோனும், 1986இற் சந்தைக்கு வந்த பால்போல் வெண்மையான புரொப்போபோலும் நொடிகளில் உறங்கவைப்பன. புரொப்போபோலால் விழிப்புத் தெளிவாகும், வாந்தி குறையும். ஆயின் அமுக்கத்தைத் தாழ்த்துவதில் அது முன்னிற்பது. வளர்ந்தோர்க்குக் கிலோவுக்கு 1.5 முதல் 2.5 மில்லிகிராம் என்று நூல்கள் கூறும் அளவை, மெலிந்து சோகையுற்ற இவளுக்கு ஒரே மூச்சிற் செலுத்தலாகாது. குறைந்த பக்கம் நின்று சிறிது சிறிதாகச் செலுத்தி, உறக்கம் வந்த இடத்தில் நிறுத்துதல் வேண்டும். கெற்றமீன் அமுக்கத்தைத் தாழ்த்தாது உயர்த்தும். விபத்திற் குருதியிழந்தோர்க்கு அது வரம். இச்சிகிச்சைக்கோ அது முழு அளவில் ஏற்றதன்று. குருதிக்கசிவை மிகுவிக்கும், விழிக்கையிற் கொடுங்கனாக்களையுந் தரும்.

உறங்கியபின் உறக்கத்தை நீட்டிப்பதற்கு மணந்தரும் ஆவியாகிய செவோபுளுரேன் ஒரு வழி. புரொப்போபோலையே நாளவழி ஓயாது செலுத்துதல் மற்றொரு வழி. முன்னையது மூளையின் குருதிக்குழாய்களை விரிப்பதால் நிமிர்ந்த நிலையில் மூளைக்கு ஒட்சிசன் சற்று நன்றாகக் கிடைப்பதைச் சில ஒப்பாய்வுகள் காட்டியுள்ளன. பின்னையது வாந்தியைத் தடுப்பதில் மேம்பட்டது. என் எண்ணத்தில், சோகையுற்றவர்க்குச் செவோபுளுரேனே முற்படத்தக்கது. வாந்திக்கு வேறு மருந்துண்டு. எதனைக் கையாளினும், வலியடக்கும் ரெமிபென்ரனில் போன்ற துணைமருந்தைச் சிறிதளவு சேர்ப்பின் முதன்மருந்தின் அளவு குறையும். அது சில நிமிடங்களிற் கரைந்துபோவதால் அமுக்கம் தாழ்ந்தாலும் உடனே மீட்கலாம்.

சத்திரசிகிச்சை வைத்தியரின் குறையை என்செய்வது? இங்கே ஒரு கணக்கு உதவுகின்றது. இதயஞ் சுருங்கும்போதுள்ள அமுக்கத்திற்கும் மூட்டினுள் நீரின் அமுக்கத்திற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 50க்குள் நிற்பின் குருதி பெரிதுங் கசியாது. ஆகவே சுருங்கமுக்கத்தை 90க்குத் தாழ்த்துவதற்கு மாறாக 110இல் நிறுத்தி, நீரின் அமுக்கத்தை 60க்கு உயர்த்தலாம். உப்புநீரிற் சிறிது அதிரினலின் கலத்தலும், திரனெக்சாமிக்கமிலம் கொடுத்தலும் துணைசெய்யும். நீரமுக்கம் அளவிறந்தால் நீர் கழுத்துவரை ஊறி வீங்கி மூச்சுக்குழாயை நெருக்கும். அவ்வீக்கத்தைத் தொட்டறியாமல் வாய்க்குழாயை எடுத்தல் தவறு.

மலைநாட்டிற்கென ஒரு நுட்பமுமுண்டு. 1,868 மீற்றர் உயரத்துள்ள நுவரெலியாவில் வளியமுக்கம் கடன்மட்டத்தினதில் ஏறத்தாழ 80 வீதமே. அங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிற் கொதிப்பதும், பருப்பு வேகத் தாமதிப்பதும் இதனால்தான். மூளையை உறங்கவைப்பது ஆவியின் வீதமன்று, அதன் பகுதியமுக்கம். செவோபுளுரேனின் ஆவியாக்கி உயரத்திலும் ஏறக்குறைய அதே பகுதியமுக்கத்தைத் தருவதால் திருகை மாற்ற வேண்டுவதில்லை. சூடாக்கி அமுக்கத்தில் வைத்து வழங்கும் டெஸ்புளுரேனோ வீதத்தை மாத்திரம் காக்கும். கடன்மட்டத்தில் 6 வீதம் செய்ததை நுவரெலியாவில் 7.5 வீதமே செய்யும். நைதரசொட்சைட்டின் வலிமையும் அவ்வாறே குன்றும். நாளவழி மருந்துகளுக்கு இக்கவலையில்லை.

கழுத்தடியில் நரம்புக்கற்றையை மரக்கச்செய்யும் ஊசி பொது மயக்கத்திற்கு நல்ல துணை. அதனால் மயக்கமருந்தின் தேவை குறையும். விழித்தபின் வலியும் அடங்கியிருக்கும். ஆனால் அம்மருந்து அயலிலுள்ள நரம்பையும் பற்றி, அப்பக்கத்து உதரவிதானத்தைச் சில மணிநேரம் செயலிழக்கச் செய்வது பெரும்பான்மை. காசமோ ஆஸ்துமாவோ நுரையீரலைக் கெடுத்திருப்பின் இவ்வூசியின் அளவைக் குறைக்கவோ அதனைத் தவிர்க்கவோ வேண்டும்.

தேர்வு நூலிலே முடிவதுமன்று. 2022 மார்ச்சில் நாடு பொருளாதார நெருக்கடியிற் சிக்கியபோது, நியோஸ்ரிக்மீன் முதலிய மருந்துகள் போதாமையாற் பேராதனைப் போதனா வைத்தியசாலை முன்குறித்த சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்தது. தசைதளர்த்தியின் வலிமையை முறித்து நோயாளியைத் தானே மூச்சுவிடச் செய்வது அம்மருந்து, மலிவானது, ஆயினும் அஃதின்றேல் உறங்கவைத்தவரை எழுப்புதல் அரிதாகும். அத்தகைய காலத்திலே, உடலினுள் தானே சிதையும் அற்றக்கூரியம் போன்ற தளர்த்தியைத் தெரிவதும், தளர்த்தியே வேண்டாது நரம்பூசியைச் சார்வதும் அறிவுடைமையாம்.

நோயாளியின் வாயிலிருந்து வரும் செய்தியும் மருந்தைத் தீர்மானிக்கும். அமுக்கத்திற்கு லொசார்ற்றன் அல்லது எனலப்பிரில் உட்கொள்பவர் அதனை முன்னரே கூறவேண்டும். அன்று காலையும் அதனை விழுங்கினால், நிமிர்த்தியவுடன் அமுக்கம் சரியலாம். வெற்றிலை பாக்கு மென்று வாயின் உட்டோல் இறுகியவர்க்கு வாய் திறவாது. குழாய் செலுத்துதல் கடினமாகும். ஆதலின் உறங்கவைக்குமுன்பே வேறு வழி ஆயத்தமாயிருத்தல் வேண்டும். சோறும் பாற்றேநீரும் 6 மணிநேரத்திற்கு முன்னரே நிறுத்தத்தக்கன. பால் கலவாத வெறுந்தேநீரை 2 மணிநேரம் முன்வரை அருந்தலாம். தோட்டத்திலிருந்து விடியுமுன் புறப்பட்டு வருபவர்க்கு இவ்வொன்று பேருதவி. சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையை வாரக்கணக்கில் முன்னரே தொடங்குதல், எந்த விலையுயர்ந்த ஆவியினும் அவள் மூளையைக் காக்கும்.

நரம்பூசி பெற்ற கை 12 மணிநேரமோ அதற்கு மேலுமோ மரத்திருக்கும். அந்நேரத்தில் அக்கை சுடுதண்ணீரிற் பட்டாலும் பேருந்துக் கம்பியில் நசுங்கினாலும் அவள் அறியாள். தூக்குப்பட்டியை அவிழ்க்காமல் வீடு செல்ல வேண்டும். வலிமாத்திரையை, மரப்பு நீங்கி வலி தோன்றியபின்னன்றி, விரல்கள் சற்றே உணர்வு பெறத் தொடங்கும்போதே விழுங்குதல் வேண்டும்.