மழையின் சுழற்சி: மெய்யா, தற்செயலா?

நுழையும்முன்

இயற்கையில் ஒழுங்கைத் தேடுவது மனித இயல்பு. ஆயினும், கண்ணுக்குத் தோன்றும் ஒழுங்கெல்லாம் இயற்கையின் ஒழுங்காகிவிடாது. தோற்றத்தையும் மெய்ம்மையையும் பிரித்தறியும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

பஞ்சமும் சூரியப்புள்ளியும்

சேர்வராயன் மலையில் ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது ஏற்காடு. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெய்யும் கோடைமழையே இங்குள்ள காப்பிச்செடிகளைப் பூக்கச் செய்கிறது. மழை பொய்க்கும் ஆண்டை முன்னரே அறிய முடியுமா என்பது மலைக்கும் சமவெளிக்கும் பொதுவான கேள்வி. 1876-78ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சம் சேலம் மாவட்டத்தையும் கடுமையாக வாட்டியது. 1877இல் வில்லியம் ஹண்டர், 1813 முதலான சென்னை மழைப்பதிவுகளைச் சூரியப்புள்ளிகளின் 11 ஆண்டுச் சுழற்சியோடு ஒப்பிட்டார்; மழையும் பஞ்சமும் அச்சுழற்சியையே பின்பற்றுவதாகக் கருதினார். ஆனால், அந்த 64 ஆண்டுகளில் அடங்குபவை ஆறு சுழற்சிகள்கூட இல்லை.

வாக்கரின் எச்சரிக்கை

1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை வகித்த கில்பர்ட் வாக்கர், இத்தகைய முடிவுகளைச் சோதிக்கும் அளவுகோலை 1914இல் வெளியிட்டார். ஒரு சுழற்சி தற்செயலாகத் தேர்வு பெறும் வாய்ப்பு 5 விழுக்காடு எனக் கொள்வோம். ஒன்றையொன்று சாராத 20 சுழற்சிகளைச் சோதித்தால், அவற்றுள் ஒன்றேனும் தற்செயலாகத் தேறும் வாய்ப்பு 64 விழுக்காடாக உயர்கிறது. எனவே, பலவற்றுள் மிகப்பெரியதைத் தேர்ந்தெடுத்தவர், அவ்வாறு தேர்ந்தெடுத்ததையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சீட்டுக் குலுக்கல்

ஓரூரின் 60 ஆண்டு மழையளவுகளை 60 சீட்டுகளில் எழுதிக் குலுக்கி, புதிய வரிசையில் அடுக்குங்கள். அவ்வரிசையில் எல்லாச் சுழற்சிகளையும் தேடி, மிக வலிய ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இதனைக் கணினியால் 1000 முறை செய்யலாம். மெய்ப்பதிவில் கண்ட சுழற்சியின் வலிமையை 50 வரிசைகளுக்கும் குறைவானவையே எட்டினால், அது தற்செயலன்று எனக் கருத இடமுண்டு. வெப்பநிலை போன்றவற்றில் ஓராண்டின் தாக்கம் அடுத்த ஆண்டிலும் தொடரக்கூடும். குலுக்கல் அத்தொடர்பை அழித்துவிடுவதால், அங்கே அதனைக் காக்கும் வேறு முறை தேவை.

இல்லாத சுழற்சியை நம்பினால், வறட்சி வாராது என்றெண்ணிக் களஞ்சியத்தை வெறுமையாக விட நேரும். ஐயுற்றுச் சோதிப்பது அறிவியலின் கடமை மட்டுமன்று. உழவர்க்கு அது செய்யும் உதவியுமாகும்.